நடுக்களத்தில் நின்றவர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடை என்றால் நாயன்மார்களைப் பற்றியும் நாவலர் பெருமானைப் பற்றியும் பேசுவதே நமது சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் என்னை அழைத்து, "வாலிபருக்குப் பிடித்த விஷயமாக ஏதேனும் பேசு, தம்பி" என்று பணித்தார். "உதைபந்தாட்டக்காரர் ஒருவரின் வரலாற்றைச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அவர் ஒரு கணம் தயங்கி, "சொல்; ஆனால் முடிவில் ஒரு நல்ல கருத்து இருக்கவேண்டும்" என்றார். கருத்து இருக்கிறது. அது எனக்கே சற்றுக் கசப்பான கருத்து என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

சமய சங்கத்தில் பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவதா என்று முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிலர் நினைக்கக்கூடும். 1897 ஆம் ஆண்டு ஜனவரியில் கொழும்பில் கரையிறங்கிய சுவாமி விவேகானந்தர், அடுத்த மாதம் சென்னையில் வாலிபர்களுக்கு உரையாற்றியபொழுது, உடலில் உரமில்லாதவனுக்குக் கீதையும் விளங்காது, முதலில் உதைபந்தாடி உடம்பை வலுப்படுத்துங்கள் என்னும் கருத்துப்பட அறிவுறுத்தினார். அந்த மகான் அளித்த அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டே நான் இங்கு நிற்கிறேன்.

உதைபந்தாட்டத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினொருவர். முன்னே நிற்பவன் கோல் போடுகிறான். மறுநாட் பத்திரிகையில் அவன் பெயர் வருகிறது. பின்னே நிற்பவன் எதிரியைத் தடுக்கிறான். தடுக்கத் தவறினால் அவன் பெயரும் வருகிறது. இவ்விருவருக்கும் நடுவே நின்று, பின்னாலிருந்து பந்தை வாங்கி, முன்னால் இருப்பவனுக்குச் சேர்ப்பிப்பவன் ஒருவன் உண்டு. பெரியவர்கள் தங்கள் காலத்தில் 'ஹாப் பேக்' என்றார்கள். இன்று நடுக்கள வீரன் என்கிறோம். ஆட்டம் முழுவதும் ஓடுபவன் இவன். ஆட்டம் முடிந்தபின் எவரும் இவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை.

நம்முடைய தேர்த் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். வடம் பிடிப்பவர் நூற்றுக்கணக்கானவர். மேலே அமர்ந்திருக்கும் சுவாமியை எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் வீதி திரும்பும் இடத்திலே, சக்கரத்துக்கு அருகில் குனிந்தபடி, தக்க தருணத்தில் கட்டையை இடுகிறானே, அவனை யார் பார்க்கிறார்கள்? முட்டுக்கட்டை என்ற சொல்லை நாம் தடை என்னும் பொருளிலேயே வழங்கிவிட்டோம். உண்மையில் அந்தக் கட்டைதான் தேரைத் திருப்புகிறது. அவன் கை ஒரு விநாடி பிந்தினால் தேர் வடிகானுக்குள் இறங்கிவிடும். நடுக்கள வீரன் அப்படிப்பட்டவன்.

இந்த வேலையைச் செய்து உலகப் புகழ் பெற்றவர்களும் உண்டு. சுவீடன் நாட்டவரான நில்ஸ் லீட்ஹோம் அவர்களுள் ஒருவர். 1922 இல் பிறந்தவர். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் சுவீடனுக்குத் தங்கப் பதக்கம் வென்ற அணியில் ஆடியவர். 1949 இல் இத்தாலியின் மிலான் கழகத்தில் சேர்ந்து 1961 வரை அங்கேயே ஆடி, நான்கு முறை இத்தாலியச் சம்பியன் பட்டத்தைப் பெற்றுக்கொடுத்தவர். முன்னணி வீரராகச் சென்றவர், வயது ஏற ஏறப் பின்னுக்கு வந்து நடுக்களத்தில் நிலைபெற்றார். அவர் கொடுத்த பந்து தவறியதே இல்லையாம். இரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு பந்து தவறியபோது, பார்க்க வந்திருந்தவர்கள் அந்த அதிசயத்துக்காகவே பல நிமிடம் கைதட்டினார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வளவு உண்மையோ, எப்படிப்பட்டவரைப் பற்றி இப்படி ஒரு கதை பிறக்கும் என்பதே கவனிக்கத்தக்கது. 1958 இல் சுவீடனிலேயே நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அவரே அணித்தலைவர். வயது 35. ஆட்டத்தின் நான்காம் நிமிடத்தில் முதற் கோலைப் போட்டார். ஆனால் எதிரே நின்றது பதினேழு வயதுப் பெலேயைக் கொண்ட பிரேசில். சுவீடன் 5–2 எனத் தோற்றது.

லீட்ஹோம் மிலானுக்கு வந்து 55 ஆண்டுகளின் பின், 2004 இல், அதே மிலான் கழகத்துக்கு வேறொரு நடுக்கள வீரர் வந்து சேர்ந்தார். நான் இன்று சொல்ல வந்தது அவருடைய வரலாற்றைத்தான். அவர் பெயர் விக்காஷ் தொராசூ. இந்தப் பெயரைக் கேட்டவுடன், நம்மவர் ஒருவரின் பெயர் வெள்ளைக்காரர் நாவிலே உருண்டு தேய்ந்துபோனது போலத் தோன்றுகிறதல்லவா? பெயராராய்ச்சி செய்ய நான் வரவில்லை. ஆனால் அவர் முன்னோர் எங்கிருந்து எப்படிப் போனார்கள் என்பது நமக்கு மிக நெருங்கிய செய்தி.

ஆபிரிக்காவுக்குக் கிழக்கே இந்து சமுத்திரத்தில் மொரீசியஸ் என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. அங்கே வெள்ளைக்காரரின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் வேலை செய்துவந்தார்கள். அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்ததும் துரைமாருக்கு ஆள் வேண்டியிருந்தது. 1834 தொடக்கம் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய் இறக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் அவ்வாறு போனவர் ஏறக்குறைய நான்கரை இலட்சம் பேர். பீகாரிகளும் மராட்டியரும் தமிழரும் தெலுங்கரும் அவர்களுள் இருந்தனர். துறைமுகத்தில் இறங்கிப் பதினாறு படிகள் ஏறிக் குடியேற்றச் சாவடிக்குப் போகவேண்டும். அங்கேதான் பெயர் பதிவார்கள். அப்படிப் பதியப்பட்ட தெலுங்குக் குடும்பம் ஒன்றின் வழிவந்தவர் தொராசூ.

அதே காலத்தில்தான் நம் பாட்டன்மாரின் பாட்டன்மாரும் மன்னார்க் கரையில் இறங்கிக் காடும் மேடும் நடந்து கண்டிச் சீமைக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கரும்பு, நமக்குக் கோப்பி. பின்பு கோப்பி நோய்ப்பட்டு அழியத் தேயிலை. அவர்களுக்குச் சர்தார், நமக்குக் கங்காணி. கப்பல் வேறு, மலை வேறு. பிரட்டுக்குக் கூப்பிடும் குரல் ஒன்றே. ஆகையால் தொராசூ நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். பங்காளி முறை சொல்லிக்கொள்ள இடமுண்டு.

அவருடைய பெற்றோர் மொரீசியஸை விட்டுப் பிரான்ஸ் நாட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1973 ஒக்டோபர் 10 ஆம் நாள், நோர்மண்டிப் பகுதியில் லே ஹாவ்ர் துறைமுக நகரை அடுத்த ஆர்பிளேரில் விக்காஷ் பிறந்தார். தொழிலாளர் குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளை. உயரம் ஐந்தரை அடியளவு. பார்த்தவுடன் பந்தாட்டக்காரன் என்று எவரும் மதிக்கத்தக்க தோற்றம் அன்று. ஆனால் அந்த ஊரிலே ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. 1872 இல் தோன்றியதாகக் கூறப்படும், பிரான்சின் மிகப் பழைமையான கழகங்களுள் ஒன்று அங்கே இருந்தது. சிறுவர்களைச் சிறு வயதிலேயே சேர்த்துப் பயிற்றுவிக்கும் ஏற்பாடும் அங்கே இருந்தது. துறைமுகத் தொழிலாளியின் மகனா, கறுத்தவனா, எந்தத் தீவிலிருந்து வந்தவன் என்ற கேள்விகளுக்கு முன்னே, பந்து அவன் காலில் நிற்கிறதா என்ற கேள்வியை அங்கே கேட்டார்கள். அது நின்றது.

1993 இல் அக்கழகத்தின் முதலணியில் ஆடத் தொடங்கினார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரான்சின் அணியில் இடம் பெற்றார். 1998 இல் லியோன் நகரக் கழகம் அவரை வாங்கியது. 1999 இல் பிரான்சின் தேசிய அணிக்காக முதன்முதல் களமிறங்கினார். அதற்கு முந்திய ஆண்டுதான் பிரான்ஸ் உலகக் கிண்ணத்தை வென்றிருந்தது. சிடான் என்னும் ஜாம்பவான் நிற்கும் நடுக்களத்தில் மற்றொருவருக்கு இடம் எளிதில் கிடைக்குமா? பிறகு ஏறக்குறைய ஐந்தாண்டு காலம் தேசிய அணி அவரை நினைக்கவில்லை.

இங்கே விதியின் விளையாட்டு ஒன்றைச் சொல்லவேண்டும். லியோன் கழகம் தன் வரலாற்றில் முதன்முறையாகப் பிரெஞ்சுச் சம்பியன் பட்டத்தை 2002 இல் வென்றது. அவ்வாண்டில் தொராசூ அங்கில்லை. போர்தோ கழகத்துக்கு இரவலாக அனுப்பிவிட்டிருந்தார்கள்! கலியாண வீட்டுக்குப் பந்தல் போட்டவன், முகூர்த்த வேளையில் வேறு வீட்டுக்குக் கடன் கொடுக்கப்பட்ட கதை. அவர் முகங்கோணவில்லை, போர்தோ அணியோடு அவ்வாண்டு லீக் கிண்ணத்தை வென்றார். திரும்பி வந்து, 2003, 2004 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லியோன் மறுபடி சம்பியனாவதற்கு நடுக்களத்தில் நின்று உழைத்தார்.

அந்த உழைப்புக்குக் கிடைத்த பெயரால்தான் 2004 இல் மிலான் அவரை அழைத்தது. கூலித் தோட்டத்திலிருந்து புறப்பட்ட ஒரு வம்சம், சில தலைமுறைகளில் லீட்ஹோமின் கழகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அங்கே பிர்லோ, கத்தூசோ, சீடோர்ப், காக்கா என்று உலகின் தலைசிறந்த நடுக்கள வீரர்கள் குவிந்திருந்தார்கள். அவர் பெரும்பாலும் வாங்கில் உட்கார்ந்திருந்தார். 2005 மே 25 ஆம் நாள் இஸ்தான்புல் நகரில் ஐரோப்பியச் சம்பியன் கிண்ணத்தின் இறுதியாட்டம். இடைவேளையின்போது மிலான் 3–0 என முன்னிற்கிறது. பின்பாதியில் ஆறே நிமிடத்துக்குள் லிவர்பூல் மூன்று கோல்களையும் திருப்பிவிட்டது. முடிவில் பெனால்டி உதைகளில் மிலான் தோற்றது. தொராசூ அன்று மாற்று வீரர் வரிசையில் இருந்தார், களத்துக்குள் அழைக்கப்படவில்லை. கரையில் உட்கார்ந்து, கைக்கெட்டியது வாய்க்கெட்டாமற் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வாண்டே பாரிஸ் நகரின் சென் ஜெர்மேன் கழகத்தில் சேர்ந்தார். தேசிய அணியும் 2004 இலிருந்து மீண்டும் அவரை அழைக்கத் தொடங்கியிருந்தது. 2005 ஒக்டோபரில் சைப்ரஸ் நாட்டுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். பிரான்சுக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் மொத்தம் 18. போட்ட கோல் இந்த ஒன்றே. 2006 ஏப்ரல் 29 ஆம் நாள் பிரெஞ்சுக் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில், பரம வைரிகளான மார்சேய் அணிக்கு எதிராக, தூரத்தில் நின்று அவர் உதைத்த பந்து வலைக்குள் போயிற்று. பாரிஸ் 2–1 என வென்றது. வாழ்நாள் முழுவதும் பிறருக்குப் பந்து கொடுத்தவர், அன்று ஒருநாள் தாமே அடித்தார். பாரிஸ் வாசிகள் இன்றும் நினைவில் வைத்திருக்கும் கோல் அது.

இரண்டு மாதத்துக்குள் ஜெர்மனியில் உலகக் கிண்ணம். பிரான்சின் 23 பேரில் ஒருவராகத் தொராசூ சென்றார். சுவிட்சர்லாந்துக்கும் தென் கொரியாவுக்கும் எதிரான ஆட்டங்களில் மாற்று வீரராக இறங்கினார். இரண்டையும் கூட்டினால் அரைமணி நேரங்கூட நிறையாது. அதன்பின் பிரான்ஸ் ஸ்பெயினை வென்றது, பிரேசிலை வென்றது, போர்த்துக்கலை வென்றது. ஜூலை 9 ஆம் நாள் பெர்லினில் இறுதியாட்டத்தில் இத்தாலியிடம் பெனால்டியில் தோற்றது. அந்த நான்கு ஆட்டங்களிலும் அவருக்கு வாய்ப்பில்லை. நமது தோட்டத்துப் பாஷையில் சொன்னால், உலகக் கிண்ணத்தில் அவருக்கு விழுந்தது அரைப்பேர்தான். நாள் முழுக்கக் கொழுந்து பறித்தும் நிறை காணாமல் அரைப்பேர் வாங்கியவர்களின் பிள்ளைகள் இச்சபையில் பலர் இருக்கிறோம். அந்த மாலைப் பொழுதின் மனநிலை எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்த நாட்களில் அவர் ஒரு சிறு படக்கருவியைக் கையில் வைத்திருந்தார். ஹோட்டல் அறை, பேருந்து ஜன்னல், வெறுமையான நடைவழி, காத்திருக்கும் தம் முகம் என்று தமது ஏக்கத்தையே படம் பிடித்துக்கொண்டார். நண்பர் ஒருவருடன் சேர்ந்து அவர் ஆக்கிய அப்படம் 2007 இல் திரைக்கு வந்தது. அதன் பெயரே 'மாற்று வீரன்' என்னும் பொருளுடையது. உலகக் கிண்ணத்தைப் பற்றி வெற்றி பெற்றவர்கள் ஆயிரம் சொல்லியிருக்கிறார்கள். வாங்கில் உட்கார்ந்தவன் கண்ணால் அதைப் பார்த்துச் சொன்னவர்கள் மிகச் சிலரே.

இன்னும் ஒரு செய்தி. அதே 2006 ஜூலை மாதத்தில்தான், மொரீசியஸில் கூலிகள் இறங்கிய அந்தப் பழைய சாவடியை, 'ஆப்பிரவாசி காட்' என்ற பெயரோடு, ஐக்கிய நாடுகள் கல்வி, விஞ்ஞான, கலாசார நிறுவனம் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. முன்னோர் ஏறிய பதினாறு படிகளுக்கு உலகம் மரியாதை செய்த மாதத்தில், அவர்களின் பேரன் ஒருவன் உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் வாங்கில் உட்கார்ந்திருந்தான். இதனைப் பெருமை என்பதா, குறை என்பதா? நான் பெருமை என்றே சொல்வேன். அந்த வாங்குக்குப் போகும் வழியே எத்தனை நெடியது!

அதன்பின் நடந்ததையும் மறைக்காமற் சொல்லவேண்டும். 2006 ஒக்டோபரில் பாரிஸ் கழகம் அவரைப் பதவி நீக்கியது. பயிற்றுநரைப் பற்றிப் பத்திரிகையில் வெளிப்படையாகக் குறை கூறினார் என்பது காரணம். பிரெஞ்சு உதைபந்தாட்டத்தில் அது மிக அரிதான தண்டனை. பின்பு இத்தாலியின் லிவோர்னோ கழகத்தில் சேர்ந்து, லீக் ஆட்டம் ஒன்றுகூட ஆடாமலே வெளியேறி, விளையாட்டை விட்டார். சில காலம் சீட்டாட்டப் போட்டிகளிலும் இறங்கினார். பெரியவர்கள் முகஞ்சுளிப்பது தெரிகிறது, நானும் அதைப் பாராட்டவில்லை. ஆனால் 2011 இல் நண்பர்களோடு சேர்ந்து, உதைபந்தாட்டம் பணச் சந்தையாகிவிடாமல் எல்லோருக்கும் மகிழ்ச்சி தரும் விளையாட்டாக இருக்கவேண்டும் என்பதற்காக ஓர் இயக்கம் தொடங்கினார். 2020 இல் பாரிஸ் மாநகர சபைத் தேர்தலில் இடதுசாரி அணியொன்றின் முன்னணி வேட்பாளர்களுள் ஒருவராக நின்றார்.

அவர் வாயை அடக்கியிருக்கலாமே என்று நம்மில் சிலர் சொல்வோம். எனக்கும் ஒரு பாதி மனம் அப்படித்தான் சொல்கிறது. பணிவு நல்ல குணமே. ஆனால் தலைமுறை தலைமுறையாக வாய்மூடி நின்றவர்களின் பேரன் வாய் திறந்தால், அதை முழுக்கவும் குற்றமென்று சொல்ல மறுபாதி மனம் ஒப்பவில்லை. இதனை உங்கள் தீர்ப்புக்கே விடுகிறேன்.

நண்பர்களே, நான் கேட்க விரும்புவது வேறு கேள்வி. அவரால் அவ்வளவு தூரம் போக முடிந்தது எதனால்? திறமை மட்டுமா காரணம்? திறமை நம் மலைகளில் இல்லையா? கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரனின் பாட்டனாரும் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவரே. அவர் டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தி 2010 இல் ஓய்வு பெற்றார். அந்த எண்ணிக்கையை எட்டிய வேறொருவர் இல்லை. திறமைக்குக் குறைவில்லை. திறமையிருக்கும் இடத்துக்கு வழி வருகிறதா என்பதே கேள்வி.

1948 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஆகஸ்டில் மொரீசியஸில் ஒரு தேர்தல் நடந்தது. தீவில் வழங்கும் எந்த மொழியிலாயினும் எளிய வாக்கியம் எழுத வாசிக்கத் தெரிந்தால், ஆணும் பெண்ணும் வாக்களிக்கலாம் என்று வழி திறந்தார்கள். கூலிகளின் பேரர் சட்டசபைக்குள் புகுந்தார்கள். அதே 1948 இல் இங்கே என்ன நடந்தது? முந்திய ஆண்டுத் தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்த நம் சமூகத்தின் மிகப் பெரும் பகுதி, ஒரு சட்டத்தால் நாடற்றவராயிற்று. 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்கள் நம்மைத் தொகை போட்டுப் பங்கிட்டார்கள். எஞ்சியவர்களுக்கு வழி செய்யும் சட்டம் 2003 இல்தான் வந்தது. கணக்குப் பார்த்தால் 55 ஆண்டு. லீட்ஹோம் மிலானுக்கு வந்ததற்கும் தொராசூ வந்ததற்கும் இடைப்பட்ட காலமும் அவ்வளவே. உலகம் ஆடிக்கொண்டிருந்த அந்த ஆட்டம் முழுவதும் நம்மை வாங்கிலே உட்கார வைத்திருந்தார்கள்.

இதைச் சொல்லி அழுவதற்காக நான் எழுந்து நிற்கவில்லை. அழுதது போதும். வாங்கிலிருந்து எழும்பியாயிற்று, இப்பொழுது பந்தை யார் யாருக்குக் கொடுப்பது? முன்பு நான் சொன்ன கசப்பான கருத்து இங்கேதான் வருகிறது. அதனை என் மேலேயே வைத்துச் சொல்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நமுனுகுல மலையடிவாரத்துத் தோட்டமொன்றில் சுற்றுப்போட்டி நடந்தது. தொழிற்சாலைக்குப் பக்கத்துப் பிரட்டுக்களமே மைதானம். ஒரு கரை உயரம், மறுகரை பள்ளம். பந்து பள்ளத்துப் பக்கம் போனால் தேயிலைச் செடிக்குள் இறங்கித் தேடவேண்டும். அங்கே பதினாறு வயதுப் பையன் ஒருவனைக் கண்டேன். காலில் சப்பாத்தில்லை. சரிவான நிலத்தில் பந்து எந்தப் பக்கம் உருளும் என்று கணக்குப் பார்த்து, அதற்கு முன்பே அங்கு போய் நிற்கிறான். தான் அடிக்கத்தக்க இடத்தில் நின்றும், தன்னிலும் நல்ல இடத்தில் நின்றவனைத் தலை நிமிர்த்திப் பார்த்துக் கொடுக்கிறான். இது சொல்லிக் கொடுத்து வருகிற வித்தை அன்று.

ஆட்டம் பார்க்க வந்திருந்த பயிற்றுநர் ஒருவர் என்னிடம், "அந்தப் பையனை வருகிற சனிக்கிழமை பதுளைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், தம்பி, தெரிவு ஆட்டம் இருக்கிறது" என்றார். சரி ஐயா என்றேன். எனக்கு அடுத்த வாரம் பரீட்சை. அவன் வீட்டில் தொலைபேசி வேலை செய்யவில்லை. அந்தத் தோட்டத்துக்கு மத்தியானத்துக்குப்பின் ஒரே ஒரு பஸ். யாராவது சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். எவரும் சொல்லவில்லை. சனிக்கிழமை வந்து போயிற்று. பரீட்சையில் நான் சித்தியடைந்தேன்.

சென்ற தீபாவளிக்கு முன் கொழும்பில் புடைவைக் கடையொன்றுக்குப் போனேன். சாமான் எடுத்துக் கொடுக்க வந்தவன் அவனே. "அண்ணே, சுகமா?" என்று கேட்டான். சனிக்கிழமையைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கும் துணிவு வரவில்லை. இரண்டு சாரம் வாங்கிக்கொண்டு வந்தேன். கடை வேலை இழிவென்று நான் சொல்லவில்லை. அவன் உழைப்பில் தாய் தகப்பன் சாப்பிடுகிறார்கள். ஆனால் அவனுக்கு வேறொரு கதவும் இருந்தது. அதன் திறப்பு என் சட்டைப்பையில் இருந்தது.

நான் கற்ற மிஷன் பாடசாலையில், எஜமான் கொடுத்த தாலந்தை மண்ணிலே புதைத்துவைத்த வேலைக்காரன் கதையை அடிக்கடி சொல்வார்கள். தனக்குக் கிடைத்ததைப் புதைத்தவனுக்கே அவ்வளவு கண்டனம். பிறன் தாலந்தைப் புதைத்தவனுக்கு என்ன சொல்வது? சரிந்த நிலத்தில், வெறுங்காலோடு, அந்தப் பையன் நல்ல இடத்தில் நின்றவனுக்குப் பந்தைக் கொடுத்தான். சப்பாத்துப் போட்டு, சம தரையில் நின்ற நான் கொடுக்கவில்லை.

இச்சபையில் இருக்கும் நாமெல்லாம் யார்? பெரும்பாலோர் தோட்டத்தில் பிறந்து, எப்படியோ நாலெழுத்துக் கற்று, பட்டணத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே நிற்பவர்கள். ஆசிரியர், எழுதுவினைஞர், கடைக்காரர், மாணவர். நாம் நிற்பதே நடுக்களம். பின்னால் லயத்திலிருந்து பந்து நம்மிடம் வருகிறது. நாம் அதனைக் காலடியில் வைத்துக்கொண்டு, நான் மேலே வந்துவிட்டேன் என்று அழகு காட்டிக்கொண்டிருந்தால், முன்னால் ஓடுகிறவன் ஓடிக் களைத்து நின்றுவிடுவான்.

ஆகவே இச்சங்கத்தின் முன் மூன்று சிறு வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, பதுளை, பசறை, லுணுகலை, ஹாலிஎல, பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களில் விளையாட்டிலும் கல்வியிலும் கெட்டிக்காரப் பிள்ளைகளின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். வகுப்பு, வீட்டு இலக்கம், யாரிடம் சொன்னால் செய்தி போய்ச் சேரும் என்ற விவரமும் அதில் இருக்கவேண்டும். இரண்டாவது, வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் வைக்கும் உண்டியலோடு இன்னுமோர் உண்டியல் வைப்போம். அது பஸ் காசுக்கு மட்டும். பரீட்சைக்கோ, தெரிவுக்கோ, நேர்முகத்துக்கோ போகும் பிள்ளை, காசில்லாத குற்றத்துக்காக வீட்டில் நிற்கக்கூடாது. மூன்றாவது, இப்படிப்பட்ட அழைப்பு எவருக்கு வந்தாலும், அந்தப் பிள்ளையை நேரில் கண்டு, கையைப் பிடித்து அழைத்துப் போகும் பொறுப்பு சங்க உறுப்பினர் ஒருவரின் பெயரில் எழுதப்படவேண்டும். யாராவது சொல்வார்கள் என்ற வார்த்தை நமது சங்கத்தில் இனி ஒலிக்கக்கூடாது.

முதலாவது கொப்பியை நான் வாங்கி வந்திருக்கிறேன். செயலாளரிடம் ஒப்படைக்கிறேன். முதற் பக்கத்தில் ஒரு பெயரை எழுதிவிட்டேன். அவனுக்கு இப்பொழுது பதினெட்டு வயது. இன்னும் காலம் போய்விடவில்லை. வருகிற மாதம் கொழும்புக்குப் போகும்போது அந்தக் கடைக்கு மறுபடி போவேன். இம்முறை சாரம் வாங்குவதற்கல்ல. அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவனிடம் சொல்வதற்கு.